சைக்கிளை விட்டு இறங்காத குற்றம்

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் 1941-ஆம் ஆண்டில் வேலைநிறுத்தஞ் செய்தபோது முதலாளிமாரின் முன் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. அவற்றைப் படிக்கும் எவரும் முதலிற் கூலியையே நோக்குவர். ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்கு ஒரு கூலியும் இந்தியத் தொழிலாளிக்கு ஒரு கூலியுமாகக் கொடுப்பது கூடாது என்பது அதிற் கண்டிருக்கிறது. பத்து மணியும் பன்னிரண்டு மணியும் வேலை வாங்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும். தக்க வைத்திய வசதி வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான கல்வி வேண்டும். கள்ளுக் கடைகளை மூடவேண்டும். பெண்டிரிடம் முறைகேடாக நடந்துகொள்வதை நிறுத்தவேண்டும். பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும் என்று அப்பட்டியல் நீள்கின்றது. இவற்றின் நடுவே, அவசரமாகப் படிப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடிய ஒரு கோரிக்கையும் உளது. ஐரோப்பிய மானேஜரோ ஆசியச் சிப்பந்திகளோ எதிர்ப்படும்போது, தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் அமர்ந்தபடியே செல்ல அனுமதிக்கப்படவேண்டும் என்பதே அது.

நாம் இதனை முதன்முறை படித்தபோது சற்றே நகைத்தோம் என்பதை ஒளிப்பானேன்? அரை வயிற்றுக் கூலிக்காரன் மருந்தும் பள்ளிக்கூடமும் கேட்கும் பட்டியலிற் சைக்கிளுக்கு என்ன இடம் என்று எண்ணினோம். மறுமுறை படித்தபோது நகைப்பு நின்றுவிட்டது. கூலியைக் குறைத்துக் கொடுப்பவன் நம் உழைப்பிற் கைவைக்கின்றான். சாலையில் வண்டியை விட்டு இறங்கி ஒதுங்கி நில் என்பவன் எதிற் கைவைக்கின்றான்? அதை அத்தொழிலாளர் நம்மினும் நன்றாக அறிந்திருந்தனர். அதனாற்றான் துப்பாக்கியைக் கண்டஞ்சிய காலத்தும் அக்கோரிக்கையை எழுதி வைத்தனர்.

தோட்டத்தின் அமைப்பை அறியாதார்க்கு இது எளிதில் விளங்காது. மேட்டிலே துரையின் பங்களா. அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள். பள்ளத்திலே தொழிலாளர் லயங்கள். வாகனத்திலும் இதே படிவரிசைதான். துரைக்கு மோட்டார் வண்டி. கிராணிக்கும் கண்டக்டருக்கும் மோட்டார் சைக்கிள் அல்லது நல்ல சீமைச் சைக்கிள். தொழிலாளிக்கு அவன் கால்கள். நெடுநாள் இவ்வரிசை குலையாமல் நின்றது. ஆயின் 1930-களில் யப்பானிலிருந்து மலிவு விலைச் சைக்கிள்கள் இந்நாட்டில் வந்திறங்கின. பழைய வண்டிகளும் கைமாறி விலைக்கு வந்தன. பல மாதங்கள் காசு சேர்த்துப் பால்வெட்டுக்காரன் ஒருவன் சைக்கிள் வாங்கினான் என்றால், அவன் வீட்டில் முதன்முதலாகச் சக்கரம் ஒன்று புகுந்தது என்பது பொருள். கிராணி ஏறுவதும் சைக்கிள், கூலியாள் ஏறுவதும் சைக்கிள் என்றானபின் படிவரிசையை எப்படிக் காப்பது? ஒருவன் ஏறியிருக்க மற்றவன் இறங்கி நிற்கவேண்டும் என்று விதித்துத்தான் காக்கவேண்டும்.

இறங்குவதில் என்ன நட்டம் என்று கேட்பவர் ஒருமுறை செம்மண் மேட்டுச் சாலையிற் சைக்கிள் மிதித்துப் பார்க்கட்டும். பால் வெட்டு இருளோடு தொடங்கும் வேலை. வெயில் ஏறினாற் பாலோட்டம் குறையுமாதலால் விடியுமுன்னரே பெரட்டுக் களத்தில் நிற்கவேண்டும். முந்நூறு, நானூறு மரங்களை வெட்டி, திரும்ப வந்து பால் எடுத்து, வாளிகளைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது உடம்பு சோர்ந்துவிடும். அதன் பிறகு மேட்டில் வேகங் கூட்டி மிதித்து வருபவனை, எதிரே ஒரு தொப்பியைக் கண்டவுடன் இறங்கு என்றால், அவன் கூட்டிய வேகம் முழுவதும் வீண். மோட்டார் கிளப்பிய புழுதி அடங்கும்வரை ஓரத்தில் நின்று, பிறகு மேடு முடியும்மட்டும் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். மழைக்காலத்திற் சொல்லவே வேண்டா. மோட்டாரில் வரும் துரை இன்னொரு துரையின் மோட்டாரைக் கண்டு இறங்கியதாக நாம் எந்த நூலிலும் படித்ததில்லை. இறங்கும் கடமை மிதிப்பவனுக்கே உரியது.

வெள்ளைத் துரைமார் இக்கொடுமையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தனர் என்று சொல்லி நம்மைத் தேற்றிக்கொள்வது எளிது. நாம் அதை ஒப்போம். அவர்கள் தமிழ்நாட்டுக் கிராமத்தைக் கங்காணியின் மூலம் பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்தபோது, அதன் மரியாதை முறைகளையும் சேர்த்தே எடுத்துவந்தனர். துரை என்ற சொல்லே அவர்கள் மொழியன்று. 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர் வகுப்பார் ஆதிதிராவிடர்க்கு எட்டுத் தடைகள் விதித்தனர். பொன் வெள்ளி நகை அணியலாகாது, ஆடவர் முழங்காலுக்குக் கீழ் வேட்டி தொங்கவிடலாகாது, சட்டை, பனியன் போடலாகாது, தலைமயிரைக் கத்தரித்துக்கொள்ளலாகாது, மண்பாண்டமன்றி வேறு பாத்திரம் புழங்கலாகாது, பெண்கள் மேலுடம்பை மூடலாகாது, பூவும் மஞ்சளும் சூடிப் பூசலாகாது, ஆடவர் குடை பிடிக்கவும் செருப்பணியவும் ஆகாது. மீறியவர் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அப்பட்டியலிற் சைக்கிள் காணப்படவில்லை. அதற்கு அக்காலத்துக் கள்ளர்களின் கருணை காரணமன்று. அது அந்த ஏழைகளின் கைக்கு எட்டாத பொருளாயிருந்ததே காரணமாதல் வேண்டும். எட்டிய பிறகு அதுவும் பட்டியலிற் சேர்ந்தது. மேற்சாதியார் தெருவிற் சைக்கிளில் ஏறிச் செல்லாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்ற வழக்கம், நாடு விடுதலையடைந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில் இருந்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன.

ஆகவே கிள்ளான் தொழிலாளர், ஐரோப்பிய மானேஜர் என்பதோடு நில்லாமல் ஆசியச் சிப்பந்திகள் என்பதையும் சேர்த்து எழுதியது கவனிக்கத்தக்கது. கடுமையாக நடத்தும் ஆசியச் சிப்பந்திகளை நீக்கித் தமிழ் பேசுவோரை அமர்த்துக என்பதும் அதே பட்டியலிற் கண்ட கோரிக்கை. துரையைக் காண்பது நாளைக்கு ஒருமுறை; கிராணியைக் காண்பதோ நாளைக்குப் பத்துமுறை. இறக்கிவிட்டு நிற்கவைத்த கைகளிற் பெரும்பகுதி நம் நிறத்துக் கைகளே. இதை எழுதுவது நமக்கு இனிப்பாயில்லை.

இதில் மரியாதை மட்டுமோ பேச்சு? நமக்கு இன்னொரு கருத்தும் தோன்றுகின்றது. தோட்டம் என்பது தனியார் நிலம். உற்றார் உறவினர் வந்து பார்ப்பதற்கும் மானேஜரின் இசைவு வேண்டும். அதனாலேயே உறவினரும் நண்பரும் தடையின்றி வந்துபோக விடவேண்டும் என்பதும் அப்பன்னிரண்டினுள் ஒன்றாயிற்று. கால்நடையாகச் செல்பவன் வேலை முடிந்த பிற்பகலில் தன் தோட்டத்து எல்லையைத் தாண்டித் திரும்புமுன் பொழுது சாய்ந்துவிடும். சைக்கிள் உள்ளவனோ பக்கத்துத் தோட்டம் இரண்டுக்குப் போய், அங்கே என்ன கூலி, சீனனுக்கு என்ன கொடுக்கிறான், கூட்டம் எங்கே என்று விசாரித்துவிட்டு இருட்டுமுன் லயத்துக்கு வந்துவிடலாம். ஒரு தோட்டத்துச் செய்தி மறு தோட்டத்துக்குப் போகும் வழி அதுவே. சைக்கிளின் மீது சில முதலாளிகளுக்கிருந்த வெறுப்பில் மரியாதைக் குறைவு பாதி; இவ்வச்சம் மறுபாதி என்று கருத இடமுண்டு.

வேலைநிறுத்தத்தின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்வோம். ஐரோப்பாவில் யுத்தம் மூண்டபின் ரப்பருக்குத் தேவை பெருகியது. உணவுப் பண்டங்களின் விலையும் ஏறியது. தொழிலாளியின் கூலி அதற்கேற்ப ஏறவில்லை. 1938-ஆம் ஆண்டிலேயே இந்திய சர்க்கார் உதவி பெற்றுக் கூலியாட்கள் மலாயா செல்வதைத் தடுத்துவிட்டமையால், வேலை நிறுத்தினாற் புதிய ஆட்களை இறக்குமதி செய்வது முன்போல எளிதாயில்லை. கிள்ளான் ஜில்லா இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' ஆசிரியக் குழுவிற் பணியாற்றியவர். 1941-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களிற் கிளம்பிய நிறுத்தம் ஒருவாறு அடங்கிற்று. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கவேண்டும் என்று தோட்டம் தோட்டமாக வேலை நின்றது, சிலாங்கூரெங்கும் பரவிற்று. ஹை கமிஷனர் சர் ஷெண்டன் தாமஸின் ஆட்சி படையை வரவழைத்தது. சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. துப்பாக்கிப் பிரயோகத்தில் தொழிலாளர் ஐவர் மாண்டனர். பலர் சிறைப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

வெளியார் தூண்டிவிட்டதால் விளைந்த கலகம் இது என்பதே ஆட்சியாளர் சொன்ன காரணம். அரசியலார் சிலர் முன்னின்றது உண்மையே. நாம் அதை மறுக்கவில்லை. கூலியை இத்தனை காசு உயர்த்திக் கேள் என்று ஒரு பத்திரிகைக்காரர் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் மேட்டில் இறங்கிப் பள்ளத்தில் தள்ளும் முழங்கால் வலியை எந்த வெளியார் கற்றுக்கொடுத்திருக்க முடியும்? பன்னிரண்டு கோரிக்கைகளுள் லயத்திலிருந்தே நேராக எழுந்து வந்தது இதுவென்று துணிந்து கூறலாம்.

அதே ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் யப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. தீபகற்பத்தின் நெடுஞ்சாலைகளில் அப்படையினர் பெருவாரியாகச் சைக்கிளில் வந்தனர் என்பது உலகறிந்த செய்தி. 1942 ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமார் மோட்டார்களில் தெற்கே ஓடினர். எந்தச் சாலைகளில் எதிரே சைக்கிள் வந்தால் இறங்கச் சொன்னார்களோ அச்சாலைகளில் எட்டு மாதத்துக்குள் இக்காட்சி. இதைச் சொல்லிச் சிலர் மகிழ்வதுண்டு, நாம் மகிழ்வதற்கில்லை. வந்தவர்கள் அந்தத் தொழிலாளரையே ஆயிரமாயிரமாகச் சயாம்-பர்மா இரயில் பாதைக்கு வாரிக்கொண்டுபோய்க் கொன்றார்கள்.

உழைப்பாளி ஏறிய வண்டியைக் குறித்து வைக்கும் வழக்கம் மலாய் நாட்டோடு நின்றதன்று. சைக்கிள் நாடென்று இன்று எல்லாரும் புகழும் ஆலந்தாவில் 1924-ஆம் ஆண்டு முதல் சைக்கிள் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு மூன்று கில்டர் வரி. பின்னர் இரண்டரைக் கில்டர். வரி செலுத்தியதற்கு அடையாளமாக ஓர் உலோகத் தகடு கொடுப்பர். வேலைக்குச் சைக்கிளையே நம்பியிருந்த ஆலைத் தொழிலாளிக்கு அது சிறு தொகையன்று. உலகெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் வந்த நாளில், வேலையற்றோர்க்கும் ஏழைகட்கும் அத்தகட்டை இலவசமாக வழங்கினர். நல்ல காரியந்தான். ஆனால் அந்த இலவசத் தகட்டின் நடுவே ஒரு துளை இட்டிருந்தனர். தெருவில் எதிரே வருபவர் அத்துளையைப் பார்த்தாலே, இவன் காசு கொடுக்கவில்லை, வேலையில்லாதவன் என்று தெரிந்துகொள்வர். வேலை தேடிச் செல்பவன் தன் வறுமையை வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு சென்றான். சைக்கிள்காரர் கொடுத்த வரி சாலை நிதிக்கும் சென்றது. அந்நிதியில் அமைந்த பெருஞ்சாலைகளின் பயனை மிகுதியாக அடைந்தது மோட்டார். அவ்வரியை 1941-இல் நீக்கியவர் அந்நாட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர். வரலாற்றின் விகடங்களுக்கு எல்லையில்லை.

இவையெல்லாம் பழங்கதை, இன்று எவன் இறங்கச் சொல்கிறான் என்பாரும் உளர். இறங்கச் சொல்ல இன்று வாய் வேண்டியதில்லை. கணக்குப் புத்தகமே போதும். அமெரிக்காவில் முதலாளி தன் சிப்பந்திக்கு மோட்டார் நிறுத்த இடங்கொடுத்தால் அவ்விடத்தின் மதிப்புக்கு வருமானவரி இல்லை. 2009-ஆம் ஆண்டில் இவ்விலக்கு மாதத்துக்கு 230 டாலர்வரை இருந்தது. அவ்வாண்டு முதல் சைக்கிளில் வேலைக்கு வருவோர்க்கும் ஒரு சலுகை அளித்தனர். எவ்வளவு? மாதம் 20 டாலர். ஒரே மாடியில் ஒரே வேலை பார்க்கும் இருவரில் ஒருவருக்குப் பதினொன்றரைப் பங்கு அளந்தால் மற்றவர்க்கு ஒரு பங்கு. அந்த இருபதையும் 2018-ஆம் ஆண்டு முதல் நிறுத்திவைத்து, 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடியோடு எடுத்துவிட்டனர். மோட்டாருக்குரிய இடத்துக்கு விலக்கு நீடித்தது. இந்தச் சைக்கிள்காரரை எவரும் ஏசவில்லை. எவரும் ஓரத்தில் நிற்கவைக்கவில்லை. அவர் பங்கு அவருக்குத் தெரியாமலே குறைந்தது.

மோட்டாருக்குச் செலவு மிகுதி, சைக்கிளுக்குச் செலவில்லை. அதனால் வேறுபாடு நியாயந்தானே என்று ஒரு வாதம் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பிரிட்டனில் அலுவலக வேலையாகச் சொந்த வண்டியிற் சென்றால் வரியின்றிக் கொடுக்கக்கூடிய படி, 2011-ஆம் ஆண்டு ஏற்பாட்டில் மோட்டாருக்கு மைலுக்கு 45 பென்சு, சைக்கிளுக்கு 20 பென்சு. எண்ணெய்ச் செலவுக்கு ஈடு என்று பார்த்தால் இதை நாம் பெரிதாகக் குறைகூற மாட்டோம். ஆனால் வண்டி நிறுத்தும் இடம் செலவுக்கு ஈடன்று; அது நிலம். நகரின் நடுவே ஒரு மோட்டார் நாள் முழுதும் தூங்குவதற்குரிய நிலத்தை ஒருவர்க்கு இனாமாகக் கொடுத்து, அதை நாடாத மற்றவர்க்கு ஒன்றும் கொடாமல் விடுவது சம்பளத்தில் வேற்றுமை காட்டுவதேயாம். கலிபோர்னியா மாகாணத்தார் இதை உணர்ந்து 1992-இல் ஒரு சட்டம் செய்தனர். ஐம்பது பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வேலைக்கு வைத்து, வாடகைக்கு எடுத்த நிறுத்துமிடத்தை இனாமாகக் கொடுக்கும் முதலாளி, அவ்விடம் வேண்டாதவர்க்கு அதன் வாடகையைக் காசாகக் கொடுக்கவேண்டும். டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் எட்டு நிறுவனங்களில் இதன் பலனை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டார். தனியே மோட்டாரோட்டி வந்தவர் தொகை நூற்றுக்குப் பதினேழு குறைந்தது. நடந்தும் சைக்கிளிலும் வந்தவர் தொகை நூற்றுக்கு முப்பத்தொன்பது கூடியது. சரிசமமாகக் கொடுத்தவுடன் பலர் தாமாகவே மோட்டாரை விட்டு இறங்கினர் என்பதைக் காண்க.

பெல்ஜியத்தில் 2023-ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து தனியார் துறைத் தொழிலாளர் சைக்கிளில் வேலைக்கு வந்தாற் கிலோமீட்டருக்கு 27 சென்ட்வரை படி பெறும் உரிமை ஏற்பட்டது. துளைத் தகடு தொங்கிய ஆலந்தாவிலோ வேலைக்குச் செல்லும் தூரத்துக்கான வரியற்ற படி மோட்டாருக்கும் சைக்கிளுக்கும் ஒன்றே. 2006-இல் 19 சென்ட், 2024-இல் 23 சென்ட். இந்தியாவில் எதிர்வழி. கல்கத்தா போலீசார் 2013-ஆம் ஆண்டில் 174 சாலைகளிற் சைக்கிள் செல்லலாகாதென்று தடுத்தனர். பால்காரரும் பத்திரிகை போடுபவரும் தச்சரும் எவ்வழியே வேலைக்குப் போவர் என்பதை உத்தரவு போட்டவர் யோசித்ததாகத் தெரியவில்லை. புதுக்கோட்டையில் 1991, 1992-ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தின்போது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றனர். கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைப்பவரும் அவர்களுள் இருந்தனர். ஏளனம் செய்த ஆடவர் பலர். இறங்கியவர் இல்லை.

இங்கே சிங்கப்பூரில், 2019 நவம்பரில் மின்ஸ்கூட்டர்களை நடைபாதையில் ஓட்டுவது தடைசெய்யப்பட்டபின், உணவு கொண்டுசெல்லும் இளைஞர் பலர் சைக்கிளுக்கு மாறினர். 2025 ஜனவரி முதல் அவர்களுக்கு விபத்து நட்டஈடு முதலிய பாதுகாப்புகள் சட்டப்படி கிடைத்தன. அண்மையில் ஒரு மாலை, கூட்டுரிமைக் குடியிருப்பு ஒன்றின் வாயிலருகே மழைக்கு ஒதுங்கி நின்றோம். முதுகில் உணவுப் பையோடு இளைஞன் ஒருவன் சைக்கிளில் வந்தான். காவற்கூண்டிலிருந்த பெரியவர் கையை நீட்டி மறித்தார்.

"தம்பி, சைக்கிளை வெளியே ஓரமா வச்சிட்டு நடந்து போங்க."

"எந்த புளோக் அண்ணே இது?"

"கடைசி புளோக். நேரா போயி இடதுபக்கம்."

அவன் இறங்கினான். பின்னால் மோட்டார் ஒன்று வந்து நின்றது. தடுப்புக் கம்பி தானாக எழுந்தது. மோட்டார் உள்ளே சென்றது. இளைஞன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் ஓடினான். ஏன் இப்படி என்று பெரியவரைக் கேட்டோம். "மேலிடத்து உத்தரவு ஐயா, எனக்கு என்ன ஆசையா?" என்றார். அவருடைய சைக்கிளும் வேலிக்கு வெளியே, விளக்குக் கம்பத்தோடு சங்கிலியாற் பிணைக்கப்பட்டு நனைந்துகொண்டிருந்தது.